அட்வான்ஸும் நாய்க்குட்டியும்

வீடு காலி செய்யும் நாளில் சென்னை ஹவுஸ் ஓனரின் கண் முதலில் சுவருக்குத்தான் போகும். காலண்டர் மாட்டிய ஆணி, சோபா உரசிய கறை, நாய் வளர்த்த வீடென்றால் கதவின் அடிப்பக்கம் நகக் கீறல். "பெயிண்டிங்குக்கு ஒரு மாச வாடகை பிடிச்சுப்பேன், அதான் வழக்கம்" என்பார். 15,000 ரூபாய் வாடகைக்குப் பத்து மாத அட்வான்ஸாக 1,50,000 கொடுத்தவர், மீதியாவது கைக்கு வந்தால் போதுமென்று தலையாட்டிவிடுவார்.

வழக்கம் இருக்கட்டும், சட்டம்? உரிமையாளர், வாடகைதாரர் இருவருடைய உரிமைகளையும் பொறுப்புகளையும் வரையறுத்துத் தமிழ்நாடு 2017-இல் இயற்றிய சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. 15,000 ரூபாய் வீட்டுக்கு 45,000, அவ்வளவுதான். வீடு காலியான ஒரு மாதத்துக்குள், வாடகைதாரர் தர வேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு பணத்தைத் திருப்பித் தந்துவிட வேண்டும். ஆனால் மூன்று மாத வரம்புக்கு ஒரு வால் உண்டு: ஒப்பந்தத்தில் வேறு விதமாக ஒப்புக்கொள்ளாதிருந்தால் மட்டுமே அது செல்லும். பத்து மாத அட்வான்ஸ் இன்னும் உயிரோடு இருப்பது இந்த இடுக்கில்தான்.

பெயிண்ட் விஷயம் இன்னும் சுவாரசியம். எந்தப் பழுது யார் தலையில் என்று சட்டத்தின் பின்னிணைப்பில் ஓர் அட்டவணையே இருக்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு வர்ணம் பூசுவது, தண்ணீர்க் குழாய் மாற்றுவது, ஒயரிங் எல்லாம் உரிமையாளர் பக்கம். குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, உடைந்த ஜன்னல் கண்ணாடி வாடகைதாரர் பக்கம். ஆக, ஒப்பந்தத்தில் தனியாக எழுதிக் கையெழுத்து வாங்காதவரை, 'வழக்கம்' என்று சொல்லி ஒரு மாத வாடகையைப் பிடிக்க இடமில்லை. நாய் பிறாண்டிய கதவு வேறு கதை. அது வயதான பெயிண்ட் அல்ல, குடியிருந்தவர் ஏற்படுத்திய சேதம். அந்தக் கதவைச் சரிசெய்யும் செலவைக் கேட்பதில் நியாயம் உண்டு. ஒரு கதவுக்காக வீடு முழுக்க வர்ணம் அடித்த பில்லை நீட்டினால்தான் சண்டை.

செல்லப் பிராணி வளர்க்கலாமா கூடாதா என்று இந்தச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. எனவே வாடகைக்கு விடும்போதே 'நாய், பூனை வேண்டாம்' என்று உரிமையாளர் சொல்லலாம், ஒப்பந்தத்திலும் எழுதலாம். அவர் சம்மதித்த பிறகு அபார்ட்மென்ட் அசோசியேஷன் குறுக்கே வந்தால்? பல காலம் சென்னையிலிருந்தே இயங்கிய இந்திய விலங்குகள் நல வாரியம், 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறது. பெரும்பான்மை ஓட்டெடுத்தாலும் சங்கங்கள் செல்லப் பிராணிகளுக்குத் தடை போட முடியாது. நாயோடு லிஃப்டில் ஏறக் கூடாது என்றும் சொல்ல முடியாது. இவை வழிகாட்டுதல்களே, சட்டப் பிரிவுகள் அல்ல என்பதையும் மறக்க வேண்டாம். நாயைப் பிடிக்கவில்லை என்று தண்ணீரையோ கரண்டையோ நிறுத்துவதை மட்டும் வாடகைச் சட்டமே தடுக்கிறது.

வாய்ப்பேச்சில் 'பரவாயில்ல, வெச்சுக்கங்க' என்று சொன்ன ஓனர், கீழ்வீட்டுக்காரர் புகார் சொன்னதும் மாறிவிடுவதுண்டு. அந்தச் சம்மதத்தை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதி, வாடகை ஆணையத்தில் பதிவும் செய்துவிட்டால், தகராறு வாடகை நீதிமன்றம் போனாலும் கையில் காகிதம் இருக்கும். சாவி வாங்கும் நாளில் சுவர்களோடு கதவுகளின் அடிப்பக்கத்தையும் போட்டோ எடுத்து, அன்றைக்கே ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவது நல்லது. முன்பு குடியிருந்தவரும் நாய் வளர்த்திருக்கலாம்.