விலாங்கின் வழியை மறித்த அணைகள்

பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும் விலாங்கு என்று இரு தரப்பையும் ஏய்ப்பவர்களைச் சுட்டி நாம் கூறுவதுண்டு. ஆனால், விலாங்கு எவரையும் ஏய்ப்பதில்லை. பாம்பு போன்ற தோற்றமுடைய மீனே அது. கடலில் பிறந்து, ஆற்றில் வளர்ந்து, மீண்டும் கடலிலேயே மடியும் அதன் வாழ்வு இயற்கையின் பெரும் விந்தைகளில் ஒன்றாகும்.

இலங்கையின் ஆறுகளில் இரண்டு இன விலாங்குகள் வாழ்கின்றன. நன்னீரிலேயே ஆயுளைக் கழிக்கும் ஆரல் வேறு, விலாங்கு வேறு. ஆழ்கடலில் பொரிக்கும் விலாங்குக் குஞ்சு முதலில் இலை போன்று தட்டையாக இருக்கும். பல மாதங்கள் நீரோட்டத்தில் மிதந்து வந்து, கரையை அண்மித்ததும் கண்ணாடி போன்ற சிறு மீனாக உருமாறுகின்றது. பின்னர் கழிமுகத்தினூடாக ஆற்றுக்குள் நுழைந்து, நிறம் பெற்று, மேல்நோக்கி ஏறுகின்றது. ஈரப் பாறைகளில் ஊர்ந்தேறவும் தோலினால் சுவாசிக்கவும் அதனால் இயலும். ஆண்டுகள் பல கழிந்து முதிர்ந்ததும் கண்கள் பெருக்கின்றன; உணவை நிறுத்திவிட்டுக் கடலுக்குத் திரும்புகின்றது. அங்கு ஒரு தடவை மாத்திரம் இனப்பெருக்கம் செய்து மடிகின்றது.

ஐரோப்பிய விலாங்கின் பிறப்பிடம் அத்திலாந்திக் சமுத்திரத்தின் சர்காசோ கடலே என்பதை டென்மார்க் விஞ்ஞானி யொஹன்னஸ் ஷ்மித் 1920களில் வெளிப்படுத்தினார். யப்பானிய விலாங்கின் முட்டைகள் மரியானா தீவுகளுக்கு மேற்கே 2009இல் கண்டெடுக்கப்பட்டன. இந்து சமுத்திர விலாங்குகள் சுமாத்திராவுக்கு மேற்கேயுள்ள ஆழ்கடலில் முட்டையிடுவதாகக் கருதப்படுகின்றது.

அத்தகைய குஞ்சொன்று அக்குறணையை வந்தடைய வேண்டுமாயின், திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில் மகாவலிக்குள் புகுந்து, கட்டுகஸ்தோட்டைக்கு அண்மையில் பிங்கா ஓயாவுக்குத் திரும்ப வேண்டும். அந்த வழியில் 1976இல் பொல்கொல்ல அணையும், 1985இல் விக்டோரியாவும், 1986இல் ரந்தெனிகலவும், 1990இல் ரந்தெம்பேயும் எழுந்தன. பாறைகளில் ஏறப் பழகிய உயிரினமாயினும் 122 மீற்றர் உயரமான விக்டோரியா அணையின் முன் என்ன செய்யும்? மேலே எஞ்சியிருக்கும் முதிர்ந்த விலாங்குகள் கடலுக்குத் திரும்ப முயன்றால், மின் நிலையச் சுழலிகளில் சிக்குண்டு மடியும் அபாயம் உண்டு.

மின்சாரமும் நீர்ப்பாசனமும் நாட்டுக்கு இன்றியமையாதவை. அணைகளை நாம் குறை கூறவில்லை. ஆயினும், வெளிநாடுகளின் அனுபவத்தைக் கவனத்திற் கொள்ள வேண்டும். நியூஸிலாந்தில், அணைகளின் கீழே திரளும் விலாங்குக் குஞ்சுகளைப் பொறிகளில் சேகரித்து, வாகனங்களில் ஏற்றி, அணைக்கு மேலே விடுகின்றனர். ஐரோப்பிய ஒன்றியம் 2007இல் விலாங்குப் பாதுகாப்புக்கெனத் தனிச் சட்ட ஒழுங்கையே கொண்டுவந்தது. அதற்குள் அங்கு விலாங்கு பெருமளவு அருகிவிட்டிருந்தது.

நாமும் அந்நிலை வரும்வரை காத்திருக்கலாகாது. மகாவலியின் மேற்பகுதியில் விலாங்குகள் எந்த அளவில் எஞ்சியுள்ளன என்பதைப் பேராதனைப் பல்கலைக்கழகமும் நீர்வாழ் உயிரின வளர்ப்புக்குப் பொறுப்பான அதிகார சபையும் இணைந்து கணக்கிடுவது முதற்படியாக அமையும். பிங்கா ஓயாவில் குப்பை கொட்டாதிருப்பது அக்குறணை மக்களின் பங்கு. அது விலாங்குக்கு மட்டுமன்றி, வெள்ளத்தினால் அடிக்கடி அல்லலுறும் அந்நகருக்கும் நன்மை பயக்கும். கடலுக்கும் மலைநாட்டுக்கும் உறவுப் பாலமாக விளங்கிய ஓர் உயிரினத்தைப் பழமொழியில் மாத்திரம் எஞ்ச விடலாகாது என்பதே எமது வேண்டுகோளாகும்.