கீமோ முடிந்து வீடு திரும்பிய பிறகு

மனைவிக்குக் கீமோ என்றால், டிரிப்ஸ் ஏறும் நாளில் கணவர் லீவு போட்டுவிடுகிறார். திருவேற்காட்டிலிருந்து பூந்தமல்லி நெடுஞ்சாலையில் சென்னை சென்ட்ரல் எதிரே உள்ள அரசு பொது மருத்துவமனைக்கோ, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கோ கூடவே போகிறார். நல்லதுதான். ஆனால் அன்று கவனிக்க நர்ஸ் இருக்கிறார். கணவர் இல்லாமல் நடக்காதது அடுத்த வாரம்தான்.

டிரிப்ஸ் ஏறும்போது

ஊசி குத்திய இடத்தில் எரிச்சலோ வீக்கமோ தெரிந்தால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். சில மருந்துகள் ரத்தக்குழாயை விட்டு வெளியே கசிந்தால் சதையைப் புண்ணாக்கிவிடும். "பாவம், நர்ஸுக்கு எவ்வளவு வேலை" என்று மனைவி பொறுத்துக்கொள்வார், நீங்கள் பொறுக்காதீர்கள். சிவப்பு நிற மருந்து ஏற்றினால் ஓரிரு நாள் சிறுநீர் சிவந்து போகும். அது ரத்தமல்ல.

தெர்மாமீட்டர் எங்கே?

கீமோ புற்றுநோய்ச் செல்களோடு எலும்பு மஜ்ஜையையும் தாக்குகிறது. பெரும்பாலான மருந்துகளில் 7 முதல் 14 நாட்களுக்குள் வெள்ளையணுக்கள் மிகவும் குறைந்துவிடும். அந்த நாட்களில் நோய்க்கிருமி நுழைந்தாலும் சீழ், வீக்கம் எதுவும் தெரியாமல் போகலாம். பல நேரம் காய்ச்சல் ஒன்றுதான் அறிகுறி. 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டினால், நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் போன் செய்துவிட்டுக் கிளம்புங்கள். விடியட்டும் என்று காத்திருப்பது உயிருக்கே ஆபத்து. டாக்டரைக் கேட்காமல் பாராசிட்டமால் கொடுத்தால் காய்ச்சல் மறையும், தொற்று மறையாது. தொட்டுப் பார்த்து "லேசாத்தான் சுடுது" என்பதெல்லாம் உதவாது. தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள்.

அடுப்படியும் கழிவறையும்

குமட்டல் இருக்கும்போது தாளிப்பு வாசனையே ஆகாது. மனைவியை அடுப்படிக்குள் விடாமல் நீங்களே சமையுங்கள். சமைக்கத் தெரியாது என்ற சாக்கு கீமோ முடியும்வரை செல்லாது. இட்லி, குழைந்த சாதம், ஆறிய கஞ்சி என்று கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள். வாய்ப்புண் வந்தால் காரம் வேண்டாம். உப்புக் கரைத்த வெதுவெதுப்பான நீரில் கொப்பளிக்கட்டும்.

முதல் 48 மணி நேரம் சிறுநீரிலும் வாந்தியிலும் மருந்து கலந்து வெளியேறும். கையுறை போட்டுச் சுத்தம் செய்யுங்கள், கழிவறையில் இரண்டு முறை தண்ணீர் ஊற்றுங்கள்.

கோயிலும் விருந்தாளிகளும்

ஆடி மாதத்தில் திருவேற்காடு தேவி கருமாரியம்மன் கோயில் கூட்டத்தைச் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளையணு குறைந்திருக்கும் வாரத்தில் அந்த நெரிசலும் வெளியே ஊற்றும் கூழும் வேண்டாம். வேண்டுதலைத் தள்ளிப்போட்டால் அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள். நலம் விசாரிக்க வரும் சொந்தங்களில் சளி, இருமல் உள்ளவர்களை வாசலிலேயே நிறுத்துங்கள். அந்தக் கெட்ட பெயர் உங்களுக்கே வரட்டும். சொந்தக்காரர்கள் சொல்லும் பச்சிலைச் சாறு, லேகியம் எதையும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். கீமோ மருந்தோடு மோதக்கூடியவை அவற்றில் உண்டு.

இரவு நேரத்தில் யாரை அழைப்பது என்று அடுத்த கீமோவுக்குப் போகும்போதே வார்டில் கேட்டு, அந்த எண்ணை இருவர் கைபேசியிலும் பதிந்துகொள்ளுங்கள்.