உங்களுக்குத் தெரியுமா? புகையின் நிறமே கோளாறைச் சொல்லிவிடும்!

கிருஷ்ணகிரியில் கிளம்பி, குந்தாரப்பள்ளி, சூளகிரி தாண்டி ஓசூர் சேர்வதற்குள் சாலை 350 மீட்டருக்கு மேல் உயர்ந்துவிடுகிறது. பழைய டீசல் காரின் குட்டு உடைவது இப்படிப்பட்ட மேட்டில்தான். பின்கண்ணாடியில் தெரியும் புகையின் நிறத்தைக் கவனியுங்கள்.

■ கறுப்பு: டீசல் அதிகம், காற்று குறைவு. முதலில் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். செலவு குறைந்த சோதனை அதுதான். பிறகு டர்போ குழாயில் விரிசல், இன்ஜெக்டரில் ஒழுகல்.

■ நீலம்: இன்ஜின் ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங், வால்வு சீல் அல்லது டர்போ சீல் தேய்ந்திருக்கலாம். ஆயில் அளவு அடிக்கடி இறங்கினால் சந்தேகம் வலுக்கும்.

■ வெள்ளை: ஓசூர்க் குளிரில் காலையில் ஸ்டார்ட் செய்ததும் வந்து, சற்று நேரத்தில் மறைந்தால் ஹீட்டர் பிளக்கைச் சோதியுங்கள். இன்ஜின் சூடான பிறகும் தொடர்ந்து, கூலண்டும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம், வண்டியை ஓட்டாதீர்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கவும் கூடாது.

■ சட்டம் என்ன சொல்கிறது? பிஎஸ்-4 மாசுக் கட்டுப்பாட்டுத் தரத்துக்கு முந்தைய டீசல் வண்டிக்குப் புகை அடர்த்தி அளவுகோலில் 65 வரை அனுமதி; பிஎஸ்-4 வண்டிக்கு 50. முழுக்கத் தெளிந்த காற்று என்றால் 0. ஒளியே ஊடுருவாத புகை என்றால் 100. பழைய வண்டிக்குப் புகைச் சான்று 6 மாதம்தான் செல்லும், பிஎஸ்-4க்கு ஓராண்டு.