தொட்டியில் தானே முளைக்கும் கீரை

மாடித்தோட்டத்துத் தக்காளித் தொட்டியில் விதைக்காமலே முளைக்கிறது பருப்புக்கீரை. களை என்று பலர் அதைப் பிடுங்கி எறிகிறார்கள். அது அடுப்படிக்குப் போக வேண்டிய கீரை! சிவந்த தண்டு, சதைப்பற்றான சிறு இலை, வெயில் ஏறியதும் விரியும் மஞ்சள் பூ. மீனுக்குப் பெயர் வாங்கித் தந்த ஒமேகா 3 கொழுப்பில் ஒரு வகை, மற்ற பல கீரைகளைவிட இதில் அதிகம்.

தண்ணீர் குறைந்தால் இந்தச் செடி செய்வது வியப்பானது. பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் கரியமில வாயுவை இழுத்து மாலிக் அமிலமாகச் சேமிக்கிறது. அதனால்தான் வறண்ட நாட்களில் விடியற்காலையில் பறித்த இலை கூடுதலாகப் புளிக்கிறது. புளிப்பு வேண்டாதவர்கள் மாலையில் பறிக்கலாம்.

தரையில் படரும் அம்மான் பச்சரிசி வகைகள் பார்வைக்கு இதைப் போலவே இருக்கும். தண்டைக் கிள்ளினால் அவற்றில் பால் வடியும், பருப்புக்கீரையில் வடியாது.

ஆக்சாலிக் அமிலம் மிகுதி என்பதால் சிறுநீரகக் கல் உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது. மற்றவர்கள் பாசிப்பருப்போடு வேகவைத்து, பூண்டும் சீரகமும் தட்டிப்போட்டுக் கடையலாம். பூச்சிமருந்து அடித்த தொட்டியில் மட்டும் பறிக்கவே கூடாது. வேரோடு பிடுங்காமல் நுனியைக் கிள்ளினால், பக்கக்கிளை விட்டு மறுபடியும் தழைக்கும்.