பன்றிக்குப் பதினேழு டொலர்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் ஐயோவா மாநிலத்தில், வடமேற்கு மூலையிலே சூ கவுண்டி என்றொரு பகுதி உண்டு. கவுண்டி என்பதை நமது வழக்கில் ஒரு சிறு மாவட்டம் எனக் கொள்ளலாம். 1870ஆம் ஆண்டளவில் ஒல்லாந்தர் வந்து குடியேறிய கமக்கார நாடு அது. இன்று அங்கு வாழும் மனிதர் ஏறத்தாழ 35,000 பேர். பன்றிகளோ 10 இலட்சத்துக்கும் அதிகம்.

2020 ஏப்ரலில் கொரோனாத் தொற்று, அயல் மாநிலமான தென் டகோட்டாவின் சூ போல்ஸ் நகரிலுள்ள பெரிய இறைச்சித் தொழிற்சாலையினுட் புகுந்தது. 3,700 பேரளவில் வேலை செய்த அத்தொழிற்சாலை மூடப்பட்டது. பன்றி வளர்ப்பு, கடிகாரம் போல ஓடும் தொழில். ஆறு மாதத்தில் ஏறத்தாழ 280 இறாத்தல் நிறை வந்ததும் பன்றிகள் கொட்டிலை விட்டுப் போக வேண்டும். அடுத்த குட்டிகள் அவ்விடத்துக்குக் காத்து நிற்கும். "சற்றுப் பொறு, வளராதே" என்று பன்றிக்குச் சொல்வார் யார்? வழியற்ற சிலர், தாம் வளர்த்தவற்றைத் தாமே கொன்று புதைத்தனர்.

இந்நிலையிலேதான் அரசாங்கம் கைகொடுக்க முன்வந்தது. 1,900 கோடி டொலர் கொண்ட உதவித் திட்டத்தில் 1,600 கோடி நேரே பண்ணையாளருக்கென ஒதுக்கப்பட்டது. மே 26ஆம் திகதி விண்ணப்பங்கள் ஏற்கப்படலாயின. கவுண்டிகளிலுள்ள விவசாய இலாகாவின் காரியாலயங்கள் வாயிற் கதவைச் சாத்திவிட்டு, தொலைபேசியிலும் தபாலிலும் அலுவலை நடத்தின. ஏப்ரல் 16க்கும் மே 14க்கும் இடையில் ஒருவரிடம் ஆகக் கூடுதலாக இருந்த பன்றிகளின் தொகையை எடுத்து, தலைக்கு 17 டொலர் வீதம் கணக்கிட்டனர். 2,000 பன்றிகளுக்கு உடையவர் 34,000 டொலர் பெறுவார். அதில் 80 வீதம் முதலில், எஞ்சியது பின்னர். தனி ஒருவருக்கு 2,50,000 டொலர் என்பது உச்ச எல்லை. செப்டெம்பரில் 1,400 கோடி வரையிலான இரண்டாவது உதவியும் அறிவிக்கப்பட்டது.

விரைவாகக் கொடுத்தார்கள் என்பதை ஒப்புக்கொள்ளவே வேண்டும். ஆனால் தலையை எண்ணிக் கொடுக்கும் உதவி தலை அதிகமுள்ளவனிடமே அதிகம் போய்ச் சேரும் என்பதற்குப் பெரிய கணிதம் வேண்டியதில்லை.

அதிலும் வேதனையானது ஒப்பந்த வளர்ப்பாளரின் கதை. இன்று அந்நாட்டிற் பன்றி வளர்ப்போர் பலருக்குப் பன்றி சொந்தமன்று. கொட்டில் அவர்களுடையது, அதைக் கட்ட வங்கியிற் பெற்ற கடனும் அவர்களுடையது, இரவு பகலான உழைப்பும் அவர்களுடையது. குட்டியும் தீவனமும் கம்பெனியைச் சேர்ந்தவை. கம்பெனி குட்டி அனுப்பாவிடில் கொட்டில் வெறுமை, வருமானமும் வெறுமை. விண்ணப்பத்திலோ முதற் கேள்வி: பன்றி யாருடையது? அவர்களுக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை.

அவர்களையும் சேர்த்துக்கொள்ளச் சட்டம் இடங்கொடுத்தது 2020 டிசெம்பரில். அதற்கான விதிகள் திருத்தி அறிவிக்கப்பட்டதோ 2021 ஓகஸ்ட் 24ஆம் திகதி. 2020இல் இழந்த வருமானத்தில் 80 வீதம் வரை தருவதாக ஏற்பாடு. கொட்டில் வெறுமையாய்க் கிடந்த காலம் கழிந்து அதற்குள் ஓராண்டுக்கு மேலாகிவிட்டது. வங்கிக்காரர் அதுவரை தவணையைக் கேளாமல் இருந்திருப்பாரா?