சூடா இருக்கா? மூடியைத் தொடாதீங்க!

சிக்னல்ல நிக்கும்போது பைக் மீட்டர்ல டெம்பரேச்சர் லைட் எரியுதா? ‘காலேஜ் வரைக்கும் ஓட்டிடலாம்’னு முறுக்காதீங்க பாஸ்! ஓரங்கட்டி இன்ஜினை ஆஃப் பண்ணுங்க.

ஆர்15, டியூக் 200, என்.எஸ்.200 மாதிரி லிக்விட் கூல்டு வண்டிகளில் இன்ஜின் சூட்டை ரேடியேட்டருக்குக் கொண்டுவருவது கூலன்ட். உள்ளே அழுத்தம் இருப்பதால் 100 டிகிரியைத் தாண்டினாலும் கொதிக்காமல் இருக்கும். சூட்டோடு மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென்று குறைந்து, கொதித்து முகத்தில் பீய்ச்சியடிக்கும். நல்லா ஆறட்டும்.

ஆறியதும் ரிசர்வ் டேங்க்கைப் பாருங்க. இரண்டு கோட்டுக்கு நடுவில் கூலன்ட் இருக்கணும். குறைஞ்சிருந்தா ஊத்துங்க, கைவசம் இல்லையா, அவசரத்துக்கு டிஸ்டில்டு வாட்டர் போதும். மறுபடியும் குறைஞ்சா எங்கேயோ லீக்!

ஓடும்போது நார்மல், நின்னா மட்டும் சூடா? ஃபேன், அதன் ஃப்யூஸ், சென்ஸார் மேல சந்தேகப்படுங்க. ஓடும்போதும் சூடா? ரேடியேட்டரில் சேறு அடைச்சிருக்கலாம். இல்லேன்னா தெர்மோஸ்டாட்டோ வாட்டர் பம்போ மக்கர் பண்ணலாம். அது மெக்கானிக் வேலை.

ஃபர்ஸ்ட் ஹவர் போனா அட்டெண்டன்ஸ்தான் போகும். இன்ஜின் ஜாம் ஆனா, செமஸ்டர் முழுக்க பஸ்தான்!