பூஜ்யத்தை எந்த வரியில் போடுவது?

ஒரு தெருவில் பத்து வீடுகள். வீட்டுக்கு ஒரு மளிகைச் சிட்டை. அருகில் மூன்று கடைகள். எந்த வீட்டுச் சாமான் எந்தக் கடையில் எவ்வளவு ஆகும்? இதற்குப் புரோகிராம் எழுத உட்கார்ந்தால் கை தானாக மூன்று லூப் போடும்: வெளியே வீடு, அதற்குள் கடை, அதற்குள் சாமான். ‘மொத்தம்’ என்ற மாறி பூஜ்யத்தில் தொடங்கி, விலையை அளவால் பெருக்கிக் கூட்டிக்கொண்டே வரும்.

அந்தப் பூஜ்யத்தை எந்த வரியில் போடுவது என்பதில்தான் வம்பு. இரண்டு கிலோ அரிசி 60 ரூபாய் வீதம், இரண்டு கிலோ சர்க்கரை 45 வீதம், ஒரு பாக்கெட் உப்பு 20: முதல் கடையில் 230 ரூபாய். அடுத்த கடையில் 226 வர வேண்டும். பூஜ்யம் போடும் வரி கடை லூப்புக்கு வெளியே நழுவிவிட்டால் 456 என்று காட்டும். எரர் எதுவும் வராது. யாராவது கையால் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் தப்பு தெரியும்.

1957-இல் ஐபிஎம் வெளியிட்ட ஃபோர்ட்ரான் மொழியை உருவாக்கிய குழுவின் தலைவர் ஜான் பேக்கஸ். லூப் எழுதும் பழக்கத்தைப் பரப்பியதில் அந்த மொழிக்குப் பெரிய பங்கு உண்டு. அவரே 1977-இல் டூரிங் விருது உரையில் அந்தப் பாணியைக் கடுமையாக விமர்சித்தார். அவர் எடுத்த உதாரணமும் இதே கணக்குதான்: இரண்டு பட்டியல்களை ஜோடி சேர்த்து, பெருக்கி, கூட்டுவது. மாறியும் இல்லாமல், லூப்பும் இல்லாமல் மூன்று ஃபங்ஷன்களைக் கோத்தே முடித்துக் காட்டினார். அதையே செங்கல்லாக வைத்து அணிப் பெருக்கலையும் கட்டினார்.

நம் மளிகைக் கணக்கை இப்படி மாற்றி எழுதுகிறவர் உள்ளிருந்து தொடங்குவது நல்லது. சாமான் லூப்பைத் தனியே பிரித்து ‘பில்’ என்று பெயர் வைத்தால் போதும். விலைப் பட்டியலும் அளவுப் பட்டியலும் கொடுத்தால் தொகை வரும், தனியாகச் சோதிக்கலாம். பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு கடைக்கும் ‘பில்’ என்று சொன்னால் வேலை முடிந்தது. பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு ஃபங்ஷனைப் போடுவதற்கு ‘மேப்’ என்று பெயர். முந்தைய கடையின் மொத்தம் அடுத்ததில் ஒட்ட வழியே இல்லை. 2000-இல் வந்த பைத்தான் 2.0 இந்த மாதிரி மேப்பை ஒரே வரியில் எழுத வைத்தது. ஜாவாவுக்கு இதே மாதிரி வசதி 2014-இல் ‘ஸ்ட்ரீம்’ என்ற பெயரில் வந்தது.

வேகம் இதனால் கூடிவிடாது. பெருக்கல்களின் எண்ணிக்கை அதேதான். மூன்று மேப்களைப் பெயரில்லாமல் ஒன்றுக்குள் ஒன்றாகத் திணித்தால் பழைய லூப்பே தேவலை. மாதாமாதம் அசல் கழித்து வட்டி போடும் கடன் கணக்கில், இந்த மாதப் பாக்கி போன மாதப் பாக்கியை நம்பியிருக்கிறது. அங்கே பலருக்கும் சாதாரண லூப்தான் படிக்க எளிது.